பச்சைக் கோடும் இருட்டு சாக்கியும்

ஐசக் ஃபால்டைன் வீடு எது என்று கேட்டால் எங்கள் ஊரில் கொஞ்சம் யோசிப்பார்கள். இருட்டு சாக்கி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடும். ஊரை வெளிச்சமாக்கச் சம்பளம் வாங்குகிற ஒயர்மேன்கள் எல்லா ஊரிலும் உண்டு. இருட்டாக்கச் சம்பளம் வாங்குகிறவர் தன் புருஷன் ஒருவர்தான் என்று ஃபிரான்சினா சொல்லிச் சிரிப்பார்.

ஊருக்குப் பின்னால் மலைமேல் வானாய்வகம் இருக்கிறது. அங்கே உள்ள தொலைநோக்கிகளுக்கு கரூ என்கிற எங்கள் வறண்ட மேட்டுநிலத்தின் காரிருள் வேண்டும். கீழே ஒரு விளக்கு வாயைப் பிளந்துகொண்டு ஆகாயத்தைப் பார்த்தால் போதும், மேலே இருப்பவர்களுக்குக் கண் கூசிவிடும். அப்படிப்பட்ட விளக்குகளின் தலையைக் குனிய வைப்பதுதான் சாக்கியின் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நகராட்சியில் ஒயர்மேனாக இருந்த அவரை வானாய்வகத்தார் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். முதல் இரண்டு வருஷத்திலேயே தெருக்களில் இருந்த பழைய பாதரச விளக்குகள் அத்தனையையும் இறக்கிவிட்டு, மங்கலான மஞ்சள் விளக்குகளுக்குத் தகரத் தொப்பி போட்டு மாட்டிவிட்டார்.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. ஆனால் சாக்கி சட்டத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்து யாரும் பார்த்ததில்லை. "உங்க அடுப்புல ஒயர் கருகுற வாடை வருதே, பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். அடுப்பைப் பிரித்துச் சரிசெய்வார். ரஸ்க்கைக் காப்பியில் தோய்த்துத் தின்பார். கிளம்பும்போதுதான், "ஆமா, வாசல் விளக்கு யாரைத் தேடிக்கிட்டு மேல பாக்குது?" என்பார். அடுத்த வாரம் அந்த விளக்குக்குத் தொப்பி வந்திருக்கும். ஒருமுறை பாஸ்டர் தேவாலயச் சிலுவைமேல் பெரிய ஃபோகஸ் விளக்கைப் போட்டுவிட்டார். சாக்கி போய், தன் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பணிவாக, "பாஸ்டர், அவருக்கு இருட்டுலயும் நல்லா கண்ணு தெரியும்" என்றார். பாஸ்டர் ஒரு நிமிஷம் முறைத்தார். பிறகு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஓர் ஆகஸ்ட் மாதம் வந்து, "இந்த வட்டாரத்தில் ஒரு பாதரச விளக்கு எரிகிறது" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

சொன்னவர் டாக்டர் சிலேஷே. ஜாம்பியாவில் பிறந்து கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கிறவர். மாதத்தில் சில நாள் மலைக்கு வந்துபோவார். ஆகஸ்ட் எங்களுக்குக் குளிர்காலம்; அந்த வாரம் பனி கொட்டியிருந்தது. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கம்பளியையும் சுற்றிக்கொண்டு சாக்கியின் பட்டறைக்குள் வந்து ஹீட்டர் முன்னால் நின்றார்.

"ஊம் சாக்கி, நீங்க கோவிச்சுக்கக் கூடாது." ஊம் என்றால் மாமா. எங்கள் ஊரில் இளையவர்கள் எல்லாருக்கும் அவர் ஊம்தான்.

"இப்படி ஆரம்பிச்சா கோவிச்சுக்காம எப்படி? சொல்லுங்க டாக்டர்."

விஷயத்தைச் சொன்னார். சாக்கியின் கையில் இருந்த திருப்புளி அப்படியே நின்றது.

"டாக்டர், நீங்க அப்போ இங்க இல்ல. இந்த ஊர்ல கடைசிப் பாதரச விளக்கை இறக்கினது இந்தக் கை."

"கையை யாரு குத்தம் சொன்னா? இதைக் கொஞ்சம் பாருங்க."

சிலேஷே ஒரு காகிதத்தை விரித்தார். தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு கோடு அங்கங்கே முள் முள்ளாக எழும்பியிருந்தது. ஒரு முள்ளின்மேல் விரலை வைத்தார்.

"இது ஒரு நட்சத்திரக் கூட்டத்தோட வெளிச்சம். ரொம்ப தூரம். அங்கிருந்து வெளிச்சம் கிளம்பி முந்நூறு கோடி வருஷம் ஆச்சு. அங்க புதுப் புது நட்சத்திரமா பொறந்துகிட்டே இருக்கு. ஆதியில இந்தப் பிரபஞ்சத்துல ஹைட்ரஜனும் ஹீலியமும்தான், வேற ஒண்ணும் பெருசா கிடையாது. மத்த எல்லாத்தையும் நட்சத்திரங்கள்தான் வயித்துல வேகவெச்சுச் சாகும்போது வெளியில கொட்டுது. அதை வாரிக்கிட்டு அடுத்த நட்சத்திரம் பொறக்கும். அது இன்னும் கொஞ்சம் கொட்டும். எந்தக் கூட்டத்துல எவ்வளவு சேர்ந்திருக்கு, எவ்வளவு சீக்கிரம் சேர்ந்துதுன்னு பாக்கறதுதான் என் பொழப்பு. இது ஆக்சிஜனோட கோடு. நாங்க ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாத்தையும் உலோகம்னுதான் சொல்லுவோம்."

"எதை? ஆக்சிஜனையா?"

"ஆமா."

"காத்துல இருக்கறதையா உலோகம்ங்கறீங்க? அப்போ எதுக்கு நான் செம்புக் கம்பி வாங்கறேன்? வீட்டுக்குக் காத்தாலயே ஒயரிங் பண்ணிடலாமே!"

சிலேஷே விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததில் சாக்கியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதி, முழு விஷயத்தையும் கேட்டதும் கவலையாக மாறியது.

விஷயம் இதுதான். கனமான தனிமங்கள் நிறைய இருந்தால் அங்கே உள்ள வாயு சீக்கிரம் ஆறிவிடும். குறைவாக இருந்தால் சூடாகவே கிடக்கும். சூடாக இருந்தால் இந்த ஆக்சிஜன் கோடு பளிச்சென்று எழும்பும். அதாவது, கோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு ஏழை அந்தக் கூட்டம். சிலேஷே பார்த்த கோடு அவர் அதுவரை பார்த்ததிலேயே உயரமானது. முந்நூறு கோடி வருஷத்துக்கு முன்னால், மற்றவை எல்லாம் ஓரளவு சேர்த்து வைத்துவிட்ட காலத்தில், இது மட்டும் ஒன்றும் சேர்க்காமல் நின்றிருக்கிறது. அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் ஆராய்ச்சி உலகமே திரும்பிப் பார்க்கும்.

"ஆனா கிளம்பும்போது ஊதாவா இருந்த அந்தக் கோடு, வந்து சேரும்போது நீண்டு நீண்டு பச்சையாயிடுச்சு. சரியா எங்க வந்து உக்காந்திருக்கு தெரியுமா? பாதரச விளக்கோட பச்சைக் கோட்டுமேல. வானத்து வெளிச்சத்தைக் கழிச்சுட்டுத்தான் பாக்கறோம். ஆனா கழிக்கறது சுத்தமா வராது, மிச்சம் ஒட்டிக்கும். ஜூன்ல வானத்துல பாதரசம் இல்ல. ஜூலைல இருந்து இருக்கு. எனக்கு இந்த முறை இன்னும் அஞ்சு நாள்தான் தொலைநோக்கி கிடைக்கும், ஊம் சாக்கி."

சாக்கி கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு அன்றைக்கே கிளம்பினார்.

இரண்டு நாள் பிக்கப் வண்டியில் அலைந்தார். பண்ணை பண்ணையாகப் போய்க் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்த்தார். பெட்ரோல் பங்க்கின் பின்புறம், பள்ளி விடுதி, கம்பளிக் கிடங்கு என்று எதையும் விடவில்லை. ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஃபிரான்சினா ஆட்டுக்குடல் கறியையும் உருளைக்கிழங்கையும் தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"எல்லா எடத்துக்கும் போயாச்சா?"

"ம்."

"எல்லா எடத்துக்குமா?"

சாக்கி உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்வார்ட்கிளிப்புக்குப் போனியா?" என்று கேட்டார் ஃபிரான்சினா.

ஸ்வார்ட்கிளிப் பண்ணை வானாய்வக மலையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சாக்கி பிறந்தது அங்கேதான். அவர் அப்பா மார்த்தினஸ் அங்கே ரோமம் கத்தரிக்கிறவர். சாக்கிக்குப் பதினான்கு வயதாக இருக்கும்போது மார்த்தினஸ் நிமோனியாவில் போய்விட்டார். புதைத்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, வேலையாள் இல்லாத குடும்பத்துக்கு வீடு இல்லை என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு கழுதை வண்டியில் இரண்டு கட்டிலையும் ஒரு கெட்டிலையும் ஏற்றிக்கொண்டு அம்மாவும் நான்கு பிள்ளைகளும் ஊருக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு சாக்கி அந்தக் கேட்டைத் தாண்டியதே இல்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகும் வருஷாவருஷம் அந்தப் பண்ணைக்கு நேராகத் தன் நோட்டில் 'பார்த்தாயிற்று' என்று எழுதிவந்தார். ரோட்டில் இருந்தபடி பார்த்தது அது. ரோட்டில் இருந்து பார்த்தால் பண்ணை வீட்டின் கூரை தெரியும். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆட்டுப்பட்டி தெரியாது.

"நாளைக்குப் போறேன்" என்றார் சாக்கி. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஃபிரான்சினா இந்த ஒரு தடவை அதற்குத் திட்டவில்லை.

சிலேஷேயும் கூடவே வந்தார். "விளக்கை நேர்ல பாக்கணும். ஒரு மாசமா அது என்னை ஆட்டி வெச்சிருக்கு" என்றார். வண்டியில் சாக்கி வழக்கம்போல் சீட்டியடிக்கவில்லை. கேட் வந்ததும் இறங்கித் திறந்தது சிலேஷேதான்.

பட்டிக்கு நடுவில், உயரமான கம்பத்தில், தொப்பியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் அது இருந்தது. சுற்றிலும் வெள்ளைவெளேரென்று பனி. ஏறிப் பார்க்கவே வேண்டியதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் 'பள்ளித் தெரு 7' என்று இருந்தது. சாக்கியின் சொந்தக் கையெழுத்து. பத்து வருஷத்துக்கு முன்னால் அவரே இறக்கிக் கிடங்கில் போட்டதை யாரோ ஏலத்தில் எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள்.

"இந்தக் கைதானே இறக்கினது?" என்றார் சிலேஷே.

"வாயை மூடுங்க டாக்டர்" என்றார் சாக்கி. ஆனால் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பண்ணைக்காரரின் மனைவி அலெட்டா விசாகி வீட்டிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எண்பதை நெருங்கிய வயது. புருஷன் போய் ஆறு வருஷம். ஒரே ஒரு வேலையாளை வைத்துக்கொண்டு பண்ணையை நடத்திக்கொண்டிருந்தார். சாக்கி தொப்பியைக் கழற்றினார். வழியெல்லாம் 'திருமதி விசாகி' என்று கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு வாயில் வந்தது பண்ணை வேலையாட்கள் எஜமானியைக் கூப்பிடும் அந்தப் பழைய சொல்தான்.

"காலை வணக்கம், மிசிஸ்."

சொன்னதும் அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

விஷயத்தைக் கேட்ட அலெட்டா தடியால் பனியைக் குத்தினார். "அதைத் தொடக்கூடாது. ஜூலைல காட்டுப்பூனை பதினோரு குட்டியைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. ஈத்துக் காலம். எனக்குக் கண்ணும் சரியாத் தெரியல. உங்க நட்சத்திரத்துக்கு வெளிச்சம் வேணும், என் ஆட்டுக்கு வேண்டாமா?"

சிலேஷே காகிதத்தை எடுத்து, அந்தக் குளிரில், ஓர் ஆட்டுக்குட்டி அவர் கம்பளியின் நுனியை மென்றுகொண்டிருக்க, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். ஏழைக் கூட்டம், பணக்காரக் கூட்டம், பச்சைக் கோடு, முந்நூறு கோடி வருஷம். அலெட்டா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"முந்நூறு கோடி வருஷமாவா வந்துகிட்டு இருக்கு?"

"ஆமா அம்மா."

"அப்போ என் குட்டிங்க வளர்ற வரைக்கும் இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கட்டுமே. அதுக்கென்ன அவசரம்?"

சிலேஷே காகிதத்தை மடித்தார். "அதுக்கு அவசரம் இல்லதான். எனக்குத்தான் மூணு நாள் மிச்சம் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அதற்குள் சாக்கி பட்டியைச் சுற்றிவிட்டு வந்திருந்தார். பனியில் பூனையின் காலடித் தடம் அவர் கண்ணில் பட்டிருந்தது. "மிசிஸ், இது போட்ட பிறகு எத்தனை குட்டி போச்சு?"

"அஞ்சு."

"முதல் வாரமா, இந்த வாரமா?"

அலெட்டா யோசித்தார். "இந்த வாரந்தான் மூணு."

"பூனைக்கு வெளிச்சம் பழகிப்போச்சு. இப்போ அதுக்கு நீங்க சாப்பாட்டு மேசைக்கு விளக்குப் போட்டுக் குடுக்கற மாதிரி. நான் வேற ஒண்ணு பண்றேன். சுவர் ஓரமா முழங்கால் உயரத்துல மஞ்சள் விளக்கு, தொப்பியோட. உங்களுக்குத் தரை நல்லாத் தெரியும், தடுக்காது. வெளி வேலியில, ஏதாச்சும் அசைஞ்சா மட்டும் சட்டுன்னு எரிஞ்சு அணையற மாதிரி நாலு. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரம் எரியும். பூனையால கணக்குப் போட முடியாது."

"நீ யாரு மகன்?" என்று கேட்டார் அலெட்டா, கண்ணைச் சுருக்கி.

"மார்த்தினஸ் மகன். ரோமம் கத்தரிப்பாரே."

அலெட்டா கிட்ட வந்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, போடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார்.

வேலை இரண்டு நாள் பிடித்தது. முதல் வேலையாக, அன்று மத்தியானமே, பெரிய விளக்கின் இணைப்பைச் சாக்கி துண்டித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சுவரோர விளக்குகள் எரிந்தன. வேலி விளக்குகள் மறுநாள் வரை இழுத்தன. அந்த முதல் இரவு பட்டியில் அந்த வேலையாளும் இரண்டு நாய்களும் காவலுக்குப் படுத்தார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு அலெட்டாவே காப்பி கொண்டுவந்தார். சாக்கி வாங்கிய பிறகுதான் கவனித்தார். மெல்லிய பீங்கான் கோப்பை, விளிம்பில் நீலப் பூ. அவர் சின்னப் பையனாக இருந்தபோது பண்ணை வேலையாட்களுக்கு என்று பின்கதவுக்கு வெளியே ஆணியில் தகரக் குவளைகள் தொங்கும். அப்பாவின் குவளையில் ஒரு நெளிவு இருக்கும். நீலப் பூக் கோப்பைகளை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அலெட்டா பட்டிச் சுவரில் உட்கார்ந்தார்.

"உங்க அப்பா பாடுவாரு. கத்தரிக்கும்போது. ஆடுங்க அசையாம நிக்கும்."

"ஆமா."

"உங்களைப் போகச் சொன்னது என் புருஷன். அப்போ எல்லாம் அவர்தான் தீர்மானிப்பாரு. நான் கேள்வி கேக்கறது இல்ல."

சாக்கி கம்பியின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க கேட்டிருக்கலாம்" என்றார்.

பக்கத்தில் ஒரு தாய் ஆடு குட்டியைக் கூப்பிட்டுக் கத்தியது. அலெட்டா அதன் பக்கம் திரும்பினார்.

"ஆமா. கேட்டிருக்கலாம்."

சாக்கி காப்பியைக் குடித்து முடித்தார். நன்றாக இருந்தது, சர்க்கரைதான் கம்மி என்று பிறகு ஃபிரான்சினாவிடம் சொன்னார். வேலை முடிந்து கிளம்பும்போது பழைய குடியிருப்புப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வந்தார். கூரை இல்லை. அடுப்பு இருந்த மூலையில் ஒரு முள்செடி முளைத்திருந்தது. அங்கே நின்று ஒரு பாட்டுச் சீட்டியடித்தார். என்ன பாட்டு என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிலேஷே சாக்கியின் வீட்டு வாசலில் வந்து நின்றார். மூன்று நாளும் வானம் தெளிவாக இருந்தது. வானத்தில் பாதரசம் இல்லை. முகத்தைப் பார்த்ததுமே ஃபிரான்சினா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன ஆச்சு டாக்டர்?" என்றார் சாக்கி.

"கோடு சின்னதாயிடுச்சு. முக்கால்வாசி உங்க பள்ளித் தெரு விளக்குதான். மிச்சம் இருக்கறதுதான் ஆக்சிஜன். அந்தக் கூட்டம் ஏழையே இல்ல, ஊம் சாக்கி. மத்தவங்க வெச்சிருக்கற அளவு அதுவும் வெச்சிருக்கு. சாதாரணக் கூட்டம்."

சாக்கி எதிரே உட்கார்ந்தார். "அப்போ நான் போய் அந்த விளக்கை அணைக்காம இருந்திருந்தா..."

"அணைக்காம இருந்திருந்தா நான் ஊரெல்லாம் போய் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாராவது வேற மலையில இருந்து பாத்து, சிலேஷே கண்டுபிடிச்சது ஒரு தெருவிளக்கைத்தான்னு எழுதியிருப்பான்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. "ஒரு மாசமா என் அம்மாகிட்ட போன்ல சொல்லிட்டே இருந்தேன், ஏதோ பெருசா வரப்போகுதுன்னு."

"அழணும்னா சாப்பிட்டுட்டு அழு, கண்ணு" என்றார் ஃபிரான்சினா. "வெறும் வயித்துல அழுதா தலைவலிதான் மிச்சம்." கரியில் சுட்ட ரொட்டியைப் பிளந்து, உள்ளே ஆப்ரிகாட் ஜாமைத் தடவிக் கையில் திணித்தார்.

சிலேஷே இரண்டு ரொட்டி சாப்பிட்டார். மூன்றாவதை எடுத்தபோது, அந்த ஒன்றைத் தவிர இன்னும் ஆறு கூட்டங்களின் வெளிச்சத்தையும் அந்த மூன்று நாளில் பிடித்துவிட்டதாகவும், அத்தனையும் சுத்தமாக வந்திருப்பதாகவும் சொன்னார். எல்லாமே சாதாரணக் கூட்டங்கள்தான். ஆனால் ஏழையும் சாதாரணமும் பணக்காரனும் எத்தனை பேர் என்று நேர்மையாக எண்ணினால்தானே ஊர் எப்படி வளர்ந்தது என்று தெரியும்? அதைத்தான் எண்ணப் போகிறேன் என்றார். எண்ணவும் செய்தார். மூன்று வருஷம் பிடித்தது. உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் துறையில் இருப்பவர்கள் பார்த்தார்கள், மதித்தார்கள்.

அந்த ஈத்துக் காலம் முடிவதற்குள் ஸ்வார்ட்கிளிப்பில் இன்னும் ஒரே ஒரு குட்டிதான் போனது. அதுவும் பூனையால் இல்லை, குளிரால். அலெட்டா போன் பண்ணி அதைச் சொன்னார். குளிர்பெட்டி ஏதோ சத்தம் போடுகிறது, நேரம் இருந்தால் வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டார். சாக்கி போனார். அலெட்டா உயிரோடு இருந்த வரை மாதம் ஒருமுறை போய்க்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் ஃபிரான்சினாவையும் கூட்டிப்போய் முள்செடி முளைத்த அந்த மூலையைக் காட்டினார்.

சிலேஷே தன் மாணவர்களிடம் வந்து பேசச் சொல்லிச் சாக்கியைக் கேப் டவுனுக்குக் கூப்பிட்டது அந்த விளக்கை அணைத்ததற்கு அடுத்த வருஷம். கோட்டும் டையுமாக ஃபிரான்சினாவையும் கூட்டிக்கொண்டு போனார். தொப்பி போட்ட விளக்கு ஒன்றை மேசைமேல் வைத்து ஒரு மணி நேரம் பேசினார். ஆக்சிஜனில் ஒயரிங் பண்ணும் கதையைச் சொன்னபோது பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ராத்திரி ஹோட்டலின் எட்டாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்தால், மலையடிவாரம் முதல் கடல் வரைக்கும் விளக்கு, விளக்கு, விளக்கு. பாதிக்குமேல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு எரிந்தன.

"ஃபிரான்சினா."

"என்ன?"

"இதுக்கு எத்தனை ஏணி வேணும்?"

"படு கிழவா" என்றார் ஃபிரான்சினா, திரும்பிப் படுத்துக்கொண்டே. "திரையை இழுத்துவிட்டுட்டுப் படு."